தொண்டைக்குக் கீழே ஒரு விளக்கு



பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கடற்கரைப் பங்கு ஒன்றில் முதியவர் ஒருவர் இருந்தார். மழையானாலும் புயலானாலும் காலைப் பூசைக்குத் தவறாதவர். ஒரு நாள் நற்கருணை வாங்க வந்து நின்றவர், வாயைத் திறக்குமுன், "சாமி, கொஞ்சம் சின்னத் துண்டாக் கொடுங்க" என்று மெல்லிய குரலில் கேட்டார். நானும் அப்பத்தைப் பிட்டு ஒரு துணுக்கை அவர் நாவில் வைத்தேன். மறுநாளும் அவ்வாறே கேட்டார்; அதற்கு மறுநாளும் கேட்டார். முதியவர், வாய் வறண்டிருக்கும், பல் இல்லை என்று எனக்குள் காரணம் கற்பித்துக்கொண்டேனேயன்றி, ஏன் என்று அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் துணுக்கு அப்பமே கொடுத்து வந்தேன்.

பிறகு அவர் வரவில்லை. வீட்டுக்குச் சென்று பார்த்தபோது எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். "நாலு மாசமாக் கஞ்சிதான் சாமி. இட்லிகூட இறங்கல. வாயுன்னு நெனச்சு ஓமத் தண்ணி வச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அவர் மனைவி. பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தது. அடுத்த கோவில் திருவிழாவை அவர் காணவில்லை.

அந்த இரண்டு மாதமும் நோய் என் விரல் நுனிக்கு எதிரே நின்றிருக்கிறது. பின்னொரு நாள் மருத்துவ நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். "சாமி, நீங்கள் முதல் நாளே அறிந்து அனுப்பியிருந்தாலும் பெரும்பாலும் காலம் கடந்துதான் இருக்கும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையன்று. இந்நோயின் இயல்பே அத்தகையது. அது ஏன் என்பதையும், காலம் கடக்குமுன் அதைக் கண்ணால் கண்டுவிட இன்று என்ன வழிகள் தோன்றியுள்ளன என்பதையும் இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். இது இரும்புக் குழாயைப் போன்றதன்று, விரிந்து கொடுப்பது. நாம் சற்றுப் பெரிய கவளத்தை விழுங்கினாலும் இடம் விட்டுக் கொடுத்து, அதைக் கீழே தள்ளிவிட்டுத் தன் நிலைக்குத் திரும்பும். இந்த நல்ல குணமே நோய் வரும்போது நமக்குப் பகையாகிறது. உள்ளே ஒரு கட்டி வளரத் தொடங்கினால், மற்றப் பக்கங்கள் விரிந்து கொடுத்து அதை மறைத்துவிடுகின்றன. வழி ஏறத்தாழ 13 மில்லிமீட்டருக்குக் குறுகிய பிறகே சோறும் இட்லியும் தடைபடத் தொடங்கும். அதற்குள் புற்று சுவரின் உள்ளே வேரோடியிருக்கும். குடலைச் சுற்றியுள்ளது போன்ற உறுதியான வெளிப்போர்வையும் உணவுக்குழாய்க்கு இல்லை. ஆகவே சுவரைத் துளைத்த நோய் அக்கம்பக்கத்து உறுப்புகளை எளிதில் எட்டிவிடுகிறது.

உலக முழுவதும் 2022-ஆம் ஆண்டில் 5 இலட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், அதே ஆண்டில் இந்நோயால் 4 இலட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தனர் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய்க் கணக்கு கூறுகிறது. இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள். ஆனால், புற்று உள்தோலின் மேல் அடுக்கோடு நிற்கும்போதே கண்டுபிடித்து நீக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் நலமாக வாழ்கின்றனர். நோய் ஒன்றே, கண்ட காலந்தான் வேறு.

அந்தத் தொடக்க நிலையில் வலி இல்லை, அடைப்பு இல்லை, மெலிவு இல்லை. நோயாளி சொல்வதற்கு ஒன்றுமில்லை. மருத்துவர் தொட்டு உணர்வதற்கும் ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

உள்ளே பார்க்கும் முயற்சி பழமையானது. 1868-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்மால் என்னும் மருத்துவர், நேரான உலோகக் குழாய் ஒன்றை மனிதனின் இரைப்பை வரை செலுத்திக் காட்டினார். யார் அதற்கு உடன்பட்டார் என்கிறீர்களா? வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவர்! வேறு யாரால் முடியும்? குழாய் உள்ளே சென்றதேயன்றிப் போதிய வெளிச்சம் செல்லவில்லை. 1932-இல் ஷிண்ட்லர் என்பவர் ஓரளவு வளையும் குழாயை உருவாக்கினார். அதுவும் நோயாளிக்குத் துன்பமே தந்தது.

வெளிச்சத்தை வளைந்து செல்லச் செய்ததில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபின் மோகா நகரில் 1926-இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டனில் பேராசிரியர் ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டினால் அதன் வழியே ஓர் உருவத்தையே வளைத்துக் கொண்டுசெல்லலாம் என்று 1954-இல் எழுதினார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் இதைக் கொண்டு முழுதும் வளையும் உள்நோக்கிக் கருவியைச் செய்தனர். 1957-இல் அவர் அதை நோயாளிக்குச் செலுத்துமுன் தம் தொண்டையிலேயே செலுத்திப் பார்த்தார். இன்று எண்டாஸ்கோப்பி என்றதும் அஞ்சுகிற நம்மவர்க்கு இச்செய்தியை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

1983-இல் கண்ணாடி இழையின் இடத்தைச் சிறு மின்னணுக் கண் பிடித்துக்கொண்டது. குழாயின் நுனியிலேயே படக்கருவி. மருத்துவர் பார்ப்பதோ எதிரிலுள்ள திரை. தொடக்கத்தில் அப்படம் ஓரிரண்டு இலட்சம் புள்ளிகளால் ஆனது. இன்றைய உயர்தரக் கருவிகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளால் படம் காட்டுகின்றன. மயிரிழையின் பருமனுக்கும் குறைந்த வேறுபாடுகள் அவற்றில் தெரியும்.

இவ்வளவு தெளிவு வந்துவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்கத் தோன்றும். குறை உண்டு. தொடக்க நிலைப் புற்று மேடாகவோ பள்ளமாகவோ இருப்பதில்லை. சுற்றிலும் உள்ள தோலைப் போலவே தட்டையாக, ஏறக்குறைய அதே நிறத்தில் கிடக்கிறது. வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதிய எழுத்தை எவ்வளவு நல்ல கண்ணாடி அணிந்து பார்த்தாலும் என்ன பயன்? எழுத்துக்கு நிறம் வேண்டும். இந்த நிறத்தைத் தருவதிலேதான் சென்ற சில பத்தாண்டுகளின் அறிவு செலவாகியிருக்கிறது.

முதல் நிறம் மிக எளியது. வடித்த கஞ்சியில் ஒரு துளி அயோடின் விட்டால் அது நீலமாக மாறுவதைப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அறிவர். மாவுச்சத்தைக் கண்டால் அயோடின் நிறம் மாறும். நம் உடலும் தனக்கென ஒரு மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. அதற்குக் கிளைக்கோஜன் என்று பெயர். உணவுக்குழாயின் நல்ல உள்தோலில் இது நிறைய உண்டு. ஆகையால் அயோடின் கரைசலை உள்ளே தெளித்தால் தோல் முழுவதும் பழுப்பு நிறம் பெறுகிறது. புற்றாக மாறத் தொடங்கிய செல்களோ ஓயாது பெருகுவதில் தம் சேமிப்பைச் செலவழித்துவிடுகின்றன. அங்கே நிறம் ஏறுவதில்லை. பழுப்புத் தரையில் வெளிறிய மஞ்சள் திட்டு ஒன்று தனியே தெரிகிறது. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்தால், நோய் முற்றிய திட்டு இளஞ்சிவப்பாக மாறுவதும் உண்டு. அனுபவமுள்ள மருத்துவர் அந்தச் சிவப்பைக் கண்டால் ஐயம் கொள்வார்.

பிரான்சு நாட்டு மருத்துவர் லுகோல் 1829-இல் அமைத்த அயோடின் கரைசலே இதற்குப் பயன்படுகிறது. வியன்னாவின் ஷில்லர் என்பவர் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெண்களின் கருப்பை வாயில் புற்றைக் கண்டறிய இதைப் பயன்படுத்தினார். அங்கிருந்து உணவுக்குழாய்க்கு வந்தது. விலையோ மிகக் குறைவு. தெளித்தபின் நெஞ்சுக்குள் எரிச்சல் தோன்றுவது இதன் குறை. அதைத் தணிக்க வேறொரு கரைசலைத் தெளிக்கிறார்கள். பழைய புகைப்பட நிலையங்களில் படம் கழுவ வைத்திருந்த 'ஹைப்போ' உப்புதான் அது என்று கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. அயோடின் ஒவ்வாதவர்களும் தைராய்டு நோய் உள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் வழியில் மருந்து இல்லை, ஒளியே மாறுகிறது. வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன. அவற்றில் நீலத்தில் ஒரு குறுகிய பட்டையையும் பச்சையில் ஒரு குறுகிய பட்டையையும் மட்டும் பிரித்து உள்ளே செலுத்தினால், இரத்தம் அவ்வொளியை விழுங்கிவிடும். இரத்தக் குழாய்கள் கருமையாகவும் பழுப்பாகவும் எடுப்பாகத் தெரியும். புற்று வளர இரத்தம் வேண்டும். அதற்காகத் தன்னிடத்தில் நுண்குழாய்களைப் பெருக்கிக்கொள்ளும். நல்ல தோலில் மெல்லிய கொக்கிகளைப் போல் வளைந்து நிற்கும் அந்த நுண்குழாய்கள், நோயுற்ற இடத்தில் பருத்து, முறுக்கி, ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவங்களாகின்றன. ஜப்பானிய மருத்துவர் இனொவே இவ்வடிவங்களை வகைப்படுத்தினார். குழாய்களின் கோலத்தைப் பார்த்தே நோய் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று மதிப்பிட அது உதவுகிறது.

இதன் வலிமையைக் காட்ட ஒரு சான்று சொல்கிறேன். ஏற்கெனவே உணவுக்குழாய்ப் புற்று கண்டறியப்பட்ட 320 பேரைக் கொண்டு ஜப்பானில் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வேறெங்கேனும் மேலோட்டமான புற்று இருக்கிறதா என்று இருவகை ஒளியிலும் தேடினார்கள். உணவுக்குழாயில் இருந்தவற்றுள் சாதாரண வெள்ளை ஒளி நூற்றுக்கு 55 அளவில் கண்டது. குறுகிய பட்டை ஒளியோ 97 அளவில் கண்டது. வெள்ளை ஒளியில் தேடியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். பயிற்சி மிக்க ஜப்பானிய மருத்துவர்கள். அவர்களுடைய கண்ணுக்கே பாதிக்குச் சற்றுக் குறைவானவை தப்பின என்றால், நோய் எவ்வளவு நன்றாக ஒளிந்துகொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனையும் நகரத்து மருத்துவமனையின் செய்தி. நோயோ பெரும்பாலும் ஏழை மக்களின் ஊர்களில் வாழ்கிறது. இதனை அறியச் சீன நாட்டுக்குச் செல்ல வேண்டும். உலகில் இந்நோய் காண்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அந்நாட்டவரே.

அங்கே தைஹாங் மலைத்தொடரின் அடியில், ஹெனான் மாநிலத்தில் லின்ஷியன் என்றொரு வட்டாரம் உண்டு. வறண்ட, கல் நிறைந்த நிலம். 1960-களில் மலையைக் குடைந்து கால்வாய் வெட்டித்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக 'விழுங்க முடியாத நோய்' அவ்வூர்களில் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. மனிதர்க்கு மட்டுமன்று; அவர்கள் வளர்த்த கோழிகளுக்கும் தொண்டைப் பகுதியில் புற்று கண்டதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூஞ்சை பிடித்த தானியம், ஊறவைத்த காய்கறி, சத்துக் குறைவு என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. ஷென் சியோங் என்னும் மருத்துவர், நூலில் கட்டிய சிறிய ஊதுபையை விழுங்கச் செய்து, மேலே இழுக்கும்போது அதில் ஒட்டிவரும் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை 1960-களிலேயே அங்கே பரப்பினார். வறுமைக்கு ஏற்ற நல்ல சூழ்ச்சிதான். ஆனால் பல நோயாளிகளை அது தவறவிட்டது. எனவே பின்னர் எண்டாஸ்கோப்பியும் அயோடினும் கிராமங்களுக்குச் சென்றன.

அவ்வாறு சென்றதன் பயன் என்ன? அண்டை மாநிலமான ஹெபேயின் சிஷியன் வட்டாரத்தில் 14 கிராமங்களில் 40 முதல் 69 வயது வரையுள்ளோரை அழைத்து, ஒரே ஒரு முறை அயோடின் தெளித்துப் பார்த்தார்கள். நோயின் தொடக்கம் கண்டவர்களுக்கு மருத்துவம் செய்தார்கள். வேறு சில கிராமங்களை ஒப்பிடுவதற்காக விட்டுவைத்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். சோதனை நடவாத ஊர்களில் நூற்றுக்கு 5 பேருக்குச் சற்று மேல் இந்நோயால் இறந்திருந்தனர். சோதனை நடந்த ஊர்களில் 3.35 பேர். மூன்றில் ஒரு பங்கு சாவு குறைந்தது. ஆயினும் இதில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறோர் எண். அழைக்கப்பட்ட 6,827 பேரில் சோதனைக்கு வந்தவர்கள் 3,319 பேர் மட்டுமே. கண்முன்னே அண்டை வீட்டார் இறப்பதைப் பார்த்த ஊரிலும் பாதிப்பேர் வரவில்லை! குழாயின் மேல் உள்ள அச்சம் எந்த நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் போலும்.

அயோடினிலும் ஒரு சிக்கல் உண்டு. வெறும் புண்ணும் அழற்சியும்கூட நிறம் ஏறாமல் வெளிறித் தெரியும். பழகிய கண் இல்லாத மருத்துவர், திட்டெல்லாம் புற்றோ என்று பல இடங்களில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப நேரிடும். சிற்றூரில் அச்சோதனைக்கு வசதி ஏது? இதை எண்ணி அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டமும் அவருடைய குழுவினரும் ஒரு சிறு நுண்ணோக்கியை ஆக்கினார்கள். ஒரு மில்லிமீட்டர் பருமனே உள்ள இழைக்கற்றை. எண்டாஸ்கோப்பின் உள்வழியே நுழைந்து, ஐயத்துக்குரிய திட்டின்மேல் மெல்லத் தொட்டு நிற்கும். அதற்குமுன் புரோஃபிளேவின் என்னும் மஞ்சள் சாயத்தை அங்கே தடவுவார்கள். பழைய மருந்தகங்களில் கன்னியர் நம் காயங்களுக்குப் பூசிய மஞ்சள் மருந்தாகிய அக்ரிஃபிளேவினில் அடங்கிய பொருள்தான் அது. நீல ஒளி பட்டதும் ஒவ்வொரு செல்லின் கருவும் விண்மீன் போல் ஒளிரும். நல்ல தோலில் சிறிய கருக்கள் ஒழுங்கான இடைவெளியோடு நிற்கும். புற்றில் பெரியனவாய், நெருக்கியடித்து, தாறுமாறாய்க் கிடக்கும். சதையை வெட்டாமலேயே, நோயாளி படுத்திருக்கும்போதே விடை தெரிகிறது. சீன மருத்துவர்களோடு சேர்ந்து சோதித்ததில், தேவையற்ற கிள்ளல்களை இது வெகுவாகக் குறைக்கும் என்று கண்டார்கள். கையடக்கமான கணிப்பலகையில் இணைத்து, கருக்களைக் கருவியே அளந்து சொல்லும் வகையும் பின்னர் வந்தது.

மேலை நாடுகளில் நோயின் வகை வேறு. அங்கே இரைப்பையின் அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தோலையே மாற்றிவிடுகிறது. 1950-இல் இதைப் பற்றி எழுதிய இலண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. அவர் முதலில் இது உணவுக்குழாயே அன்று, மார்புக்குள் இழுபட்ட இரைப்பை என்று தவறாக வாதித்தார் என்பதும், 1957-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் சுவையான செய்தி. இவ்வகை மாற்றத்தைக் கண்டறிய, நூலில் கட்டிய பஞ்சு மாத்திரை ஒன்றைக் கேம்பிரிட்ஜில் ஆக்கியிருக்கிறார்கள். விழுங்கிய மாத்திரை உள்ளே விரியும். இழுத்தால் செல்களை ஒற்றிக்கொண்டு வரும். 2020-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான முறையைவிட இது பத்து மடங்கு பேரிடம் அம்மாற்றத்தைக் கண்டது. சீனக் கிராமத்தின் ஊதுபை புதிய உருவில் வந்திருக்கிறது!

அப்படியானால் நாம் எல்லோரும் வரிசையில் நின்று குழாய் விழுங்க வேண்டுமா? வேண்டாம். சீனத்து அந்த ஊர்களில் நோய் அவ்வளவு மிகுதி. ஆகவே ஊரோடு அழைத்தார்கள். நம் பகுதிக்கு அது பொருந்தாது. தேவையற்ற செலவும் கலக்கமுமே மிஞ்சும். ஆனால் சிலருக்கு ஆபத்து மிகுதி. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், பீடியும் மதுவும் சேர்ந்த பழக்கமுள்ளவர்கள் முதலில் நிற்கின்றனர். புகையிலை சேராத வெற்றிலைப்பாக்குக்கூட உணவுக்குழாய்க்குக் கேடே என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முடிவு செய்திருக்கிறது. இளமையில் அமிலம் போன்ற அரிக்கும் பொருளைக் குடித்துத் தழும்பு பட்டவர்களும், வாயிலோ தொண்டையிலோ ஒரு முறை புற்று வந்து நலம் பெற்றவர்களும் இவர்களோடு சேர்வர். பின்சொன்னவர்களை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் வாயைக் கெடுத்த அதே புகையிலைச் சாறுதான் கீழேயும் இறங்கியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நெஞ்செரிச்சல் உள்ள ஐம்பது கடந்த ஆண்களும் மருத்துவரைக் கேட்பது நல்லது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் அருந்துவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோருக்கு ஒரு செய்தி: ஈரானின் கோலஸ்தான் பகுதியில் 50 ஆயிரம் பேரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்ததில், 60 பாகைச் சூட்டிலும் அதற்கு மேலும் நாளொன்றுக்கு 700 மில்லிலிட்டருக்கு மேல் தேநீர் பருகியவர்களுக்கு இந்நோய் 90 விழுக்காடு மிகுதியாகக் கண்டது. ஆற்றிக் குடிப்பதில் நமக்கு நட்டமொன்றும் இல்லை. இனி, எவருக்கேனும் உணவு இறங்கத் தயங்கினால், அவர் ஓமத் தண்ணீரோடு நாட்களைக் கடத்தாமல் உடனே சென்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவி உயர்ந்ததாக இருந்தால் மட்டும் போதாது. உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ புற்று கண்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டவர்கள், அதற்கு முந்திய மூன்றாண்டுக்குள் எண்டாஸ்கோப்பி செய்துகொண்டவர்களே என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் எழுதினார்கள். பார்த்தும் தெரியவில்லை! உள்ளே படிந்த நுரையையும் சளியையும் கழுவாமல், ஓரிரு நிமிடத்தில் பார்த்து முடித்தால் பத்து இலட்சம் புள்ளியும் பயன் தராது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் மருத்துவமனையில் மருத்துவரையும் முழுதும் குறைகூற இயலாது. ஆயினும், "எனக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது, அந்தத் தனி ஒளியிலும் பார்த்துவிடுங்கள், அல்லது அயோடின் தெளித்துப் பாருங்கள்" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நம் பெருநகர மருத்துவமனைகள் பலவற்றில் அத்தகைய ஒளி வசதியுள்ள கருவிகள் வந்துவிட்டன. அயோடினுக்கோ பெருநகரமும் தேவையில்லை.

எங்கள் உபதேசியார் இதற்கு உடன்பட்ட கதையைச் சொல்லி முடிக்கிறேன்; அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். முப்பது ஆண்டு புகையிலை போட்டவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் கன்னத்தில் புற்று வந்து அறுவை செய்து பிழைத்தவர். உணவுக்குழாயையும் பார்த்துவிடுங்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு ஆண்டு செபப்புத்தகத்துக்குள்ளேயே வைத்திருந்தார். சென்ற ஆண்டு ஒரு நாள் நான் அதைக் கண்டு கேட்டபோது, "மூச்சு முட்டிச் செத்துப் போவாங்களாமே சாமி?" என்றார். மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு. மரத்துப்போக மருந்து தெளித்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்துத்தான் செய்வார்கள். குமட்டல் வரும், உயிர் போகாது என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. "நானும் வருகிறேன்" என்ற பிறகே புறப்பட்டார்.

வெறும் வயிற்றோடு காலை ஏழு மணிக்குப் போனோம். இளம் பெண் மருத்துவர், அவசரப்படாதவர். கழுவி, பார்த்து, ஒளியை மாற்றிப் பார்த்து, பிறகு அயோடின் தெளித்தார். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். வெளியே வந்த உபதேசியார் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "எரியுது சாமி, வேற ஒண்ணும் இல்ல" என்றார். பின்பு மருத்துவர் என்னை அழைத்துத் திரையில் படத்தைக் காட்டினார். பழுப்புத் தரையின் நடுவே கட்டைவிரல் நகம் அளவில் வெளிறிய திட்டு ஒன்று. சாதாரண ஒளியில் எடுத்த படத்தையும் அருகில் வைத்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் என் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

கிள்ளி எடுத்த சதையில் தொடக்க நிலைப் புற்று என்று வந்தது. மூன்று வாரம் கழித்து, எண்டாஸ்கோப்பின் வழியாகவே, திட்டின் அடியில் நீர் ஏற்றி மேலே எழுப்பி, நுண்ணிய மின்கத்தியால் அதை ஒரே துண்டாக உரித்தெடுத்தார்கள். மார்பைத் திறக்கவில்லை. நோய் மேல் அடுக்கைத் தாண்டவில்லை என்று அறிக்கை வந்தது. நான்காம் நாள் வீடு திரும்பினார். முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, இப்போது இட்லியும் மீன் குழம்பும். வெற்றிலைப் பெட்டியை மட்டும் அவர் மனைவி ஒளித்து வைத்திருக்கிறார்.

அந்த இரண்டு படங்களையும் உபதேசியார் செபப்புத்தகத்தில் பழைய தாள் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார். கேட்பவர்க்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். புதிய திட்டு தோன்றக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் பார்க்க வேண்டுமாம். அடுத்த சோதனை தை மாதத்தில். இம்முறை தனியாகவே போய்வருவேன் என்கிறார். எனினும் நானும் உடன் செல்வதாக இருக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை